சேம அச்சும் பந்தய மோட்டாரும்

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னையினின்று புதுச்சேரிக்குச் செல்வோர் மரக்காணத்து உப்பளங்களைக் காணாமற் போதல் அரிது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என அறிஞர் சிலர் கருதுவர். இத்தகைய நெய்தற் கரைகளினின்று உப்பேற்றி உள்நாடு சென்ற உமணர், தம் வண்டியின் அடியில் மிகையாக ஓர் அச்சையும் கட்டிக்கொண்டு போயினர் என்பதைப் புறநானூற்றின் 102-ஆம் பாட்டால் அறிகின்றோம். நெடுவழியில் எந்த மேட்டில், எந்தப் பள்ளத்தில் அச்சு முறியும் என்பதை எவரும் முன்னறியார் ஆதலின், அது முறியும் என்பதையே அவர்கள் கணக்கில் வைத்துக்கொண்டனர். ஔவையார் அதனைச் 'சேம அச்சு' என்கின்றார். அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு அதனையே உவமையும் ஆக்குகின்றார்.

ராலி எனப்படும் மோட்டார்ப் பந்தயத்திலும் இவ்வழக்கம் மாறாதிருக்கின்றது. காடும் மேடுமான மண்பாதையில் வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு, நேரத்தைக் கணக்கிட்டு வெற்றி கூறுவது இப்பந்தயம். நம் நாட்டில் 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் இதனை வளர்த்தவற்றுள் முதன்மையானது. அதன் தென்னிந்திய ராலியைக் கோயம்புத்தூர் ஜி. ஆர். கார்த்திகேயன் ஏழு முறை வென்றவர். சிக்கமகளூர்க் காப்பித் தோட்டங்களின் செம்மண் வழியிலும், கோவையை அடுத்த கேத்தனூர்க் காற்றாலைகளினிடையே உள்ள புழுதி வழியிலும் ஜிப்சி, எஸ்டீம், சீடியா, போலோ முதலிய வண்டிகள் வெவ்வேறு ஆண்டுகளில் ஓடியுள்ளன. இவற்றுக்குத் துணை நிற்கும் பணிக்குழுவினரின் வண்டியைத் திறந்து பார்ப்பின், டயர்களுக்கு அருகே நீண்ட துணி மூட்டையொன்று கிடக்கும். அதனுள் இருப்பது சேம அச்சே. மெக்கானிக்குகள் அதனை டிரைவ் ஷாப்ட் என்பர். நாம் இயக்கத் தண்டு என்போம்.

பெயரும் பயனும் ஒத்தனவாயினும், இரண்டும் படும் துன்பம் ஒன்றன்று. உமணர் வண்டியின் அச்சு பாரத்தைத் தாங்குவது. அது வளைந்து முறியும். மயிலிறகே ஆயினும் அளவிறந்து ஏற்றினால் அச்சு இறும் என்று வள்ளுவர் கூறியது அவ்வச்சைக் குறித்தே. முன்சக்கரங்களால் இயங்கும் இக்கால மோட்டாரின் இயக்கத் தண்டோ வண்டியின் பாரத்தைச் சுமப்பதில்லை. அப்பாரத்தைச் சக்கரக் குடமும் சுருள்வில்லும் தாங்கிக்கொள்கின்றன. தண்டின் தொழில் எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்திற்குக் கொண்டு சேர்த்தல் ஒன்றே. ஆதலின் அது முறுக்கினால் முறிகின்றது.

ஒருமுறை முறிந்தால் மாற்றிவிடலாம். ஒவ்வொரு பந்தயத்திலும் முறிந்தால் என் செய்வது? ஓராண்டு முழுதும் பொருள் சேர்த்து, விடுப்புப் பெற்று, நண்பரைத் துணையோட்டியாக அமர்த்திப் புறப்பட்ட ஒருவர், முதற் கட்டத்தின் மூன்றாங் கிலோமீட்டரிலேயே வண்டியைப் புதரோரம் தள்ளிவிட்டு நிற்கும் நிலை எளியதன்று. அவருக்கு எவரும் முதலிற் கூறும் மருந்து, "இன்னும் தடித்த தண்டைப் போடு" என்பதாகும். அம்மருந்து பாதி உண்மை. மற்றப் பாதியை அறியாது கைக்கொள்பவர் முன்னினும் மிகுதியான செலவுக்கு உள்ளாவர்.

உண்மையான பாதியை முதற்கண் பார்ப்போம். உருண்டைத் தண்டு முறுக்கத்தைத் தாங்கும் வலிமை அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டை நீக்கி, அதே உருக்கில் 24 மில்லிமீட்டர் தண்டை வைத்தால், கூட்டியது இரண்டே மில்லிமீட்டர். கூடிய வலிமையோ ஏறத்தாழ நூற்றுக்கு 30. இதனினும் மலிவான ஊதியம் பொறியியலில் அதிகமில்லை.

ஆயினும், முறிக்கும் விசை எங்கிருந்து வருகின்றது என்று ஆராய்தல் வேண்டும். எஞ்சின் 150 நியூட்டன் மீட்டர் முறுக்கம் தருவதாகவும், முதற் கியரிலும் இறுதிப் பற்சக்கரத்திலுமாக அது 14 மடங்காவதாகவும் கொள்வோம். இரு தண்டுகளுக்கும் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 1,050 ஆகும். ஆனால், மண்பாதையில் டயர் அவ்வளவு பற்றுவதில்லை. சக்கரத்தின்மேல் 350 கிலோகிராம் பாரமும், பற்று அப்பாரத்தில் பத்தில் ஏழு பங்கும், சக்கரத்தின் ஆரம் 30 சென்டிமீட்டரும் எனின், 720 நியூட்டன் மீட்டரளவில் டயர் வழுக்கிச் சுழன்றுவிடும். புழுதியே தண்டுக்குக் காவல் என்று சொல்லலாம். அக்காவல் நீங்கும் கணம் ஒன்றுண்டு. வண்டி மேடேறித் தாவும்பொழுது சக்கரங்கள் அந்தரத்தில் வெறிகொண்டு சுழல்கின்றன. தரையில் விழும்பொழுது பாரம் ஒரு நொடியின் சிறு கூற்றில் இரண்டு மூன்று மடங்காகின்றது. டயர் இறுகப் பற்றுகின்றது. சுழன்றுகொண்டிருந்த எஞ்சினும் அதன் கனத்த சுழற்சக்கரமும் உடனே வேகந்தணிய வேண்டியவாகின்றன. அவற்றின் சுழலாற்றல் அனைத்தும் செல்ல இடமின்றி அத்தண்டின் மேல் இறங்குகின்றது. முறிப்பது எஞ்சினின் வலிமையன்று, அதன் திடீர் நிறுத்தமே. கைதேர்ந்த ஓட்டுநர் வண்டி அந்தரத்திலிருக்கும்பொழுது ஆக்சிலேட்டரினின்று காலைச் சற்றே தளர்த்துவதன் காரணம் இதுவே. காசு செலவில்லாத இத்திருத்தத்தைச் செய்தபின் கடைக்குச் செல்லுதல் நலம்.

வலிமை மிகுந்த டிபரென்ஷியல் பொருத்தியபின் தண்டு முறியத் தொடங்கிற்று என்று முறையிடுவாரும் உளர். அதில் வியப்பில்லை. சாதாரண டிபரென்ஷியல் முறுக்கத்தை இருபுறமும் சமமாகவே பகிரும். ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றதும் வலுவிழக்கும். வழுக்கலைத் தடுக்கும் வகையோ பற்றுள்ள சக்கரத்திற்கே பெரும்பங்கைத் தள்ளும். இருவர் சுமந்ததை ஒருவர் சுமக்க நேர்ந்தால் தோள் வலிக்காதோ?

இனி, மருந்தின் மறுபாதி. தண்டின் இரு முனைகளிலும் ஸ்பிளைன் என்னும் வரிப்பற்கள் வெட்டப்பட்டிருக்கும். பற்கள் முடிந்து தண்டின் உடல் தொடங்கும் இடமே பெரும்பாலும் முறியும் இடம். உடலை மட்டும் தடிப்பாக்கி முனைப் பற்களை முன்போலவே விட்டுவிட்டால் நேர்வது யாது? சவுக்கு மரத்தைப் பாருங்கள். அடி முதல் நுனி வரை வளைந்து கொடுத்துக் கடற்காற்றை அது தாங்குகின்றது. அதே மரத்தைக் கட்டையோடு கட்டை வைத்து இறுக்கி, ஓரிடத்தை மட்டும் கட்டாமல் விட்டால், முழு வளைவும் அவ்வோரிடத்தில் விழ, அங்கே ஒடியும். தண்டும் அத்தன்மைத்தே. உடல் முறுக்கிக் கொடுக்க மறுத்தால், அதிர்ச்சி முழுவதையும் பற்களின் கடைசி விளிம்பு ஏற்க நேரிடும். ஆதலின் பந்தயத் தண்டு செய்வோர், பற்களின் அடிவிட்டத்தினும் உடலைச் சிறிது மெலிவாக்கி, இரண்டும் கூடுமிடத்தை மெல்லச் சரியும் வளைவாகக் கடைவர். மெலிந்தது வாழ்ந்து தடித்தது மாயும் இவ்விந்தையை நம் மாணவருட் பலர் நம்ப மறுக்கின்றனர். கணக்கிட்டுப் பார்க்க அவர்களை வேண்டுகின்றோம்.

எந்த மருந்து எந்த நோய்க்கு என்பதை முறிந்த முகமே சொல்லும். வகுப்பறைச் சுண்ணக்கட்டி ஒன்றை இரு கையாலும் பிடித்து முறுக்குங்கள். அது நேர்குறுக்காக முறியாது; 45 பாகைச் சாய்வில் திருகாக முறியும். கடினமாய் நெகிழ்வற்ற பொருள் முறியும் விதம் அது. தண்டும் அவ்வாறு முறிந்திருப்பின், உருக்கு அளவுமீறிக் கடினமாக்கப்பட்டது என்று ஐயுறலாம். நேர்குறுக்காக, சுழித்த முகத்தோடு முறிந்திருப்பின், நெகிழ்வுள்ள உருக்கு ஒரே அடியில் மிகையான முறுக்கம் பெற்றது எனலாம். மூன்றாவது ஒன்றுண்டு. பாத்தியில் உப்புநீர் வற்ற வற்றக் கரையில் விட்டுச்செல்லும் கோடுகளைப் போல, முகத்தில் வரிவரியாக வளைகோடுகள் தோன்றுமாயின், அது ஒருநாளில் முறிந்ததன்று. நுண்பிளவொன்று பல ஆயிரம் முறுக்கங்களில் சிறிது சிறிதாக உள்ளேறி வந்துளது.

இதனை உலோகத்தின் தளர்ச்சி என்பர். 1842 மே 8-இல் வெர்சாய் நகரினின்று பாரிசுக்கு மீண்ட ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து பலர் மாண்டபின், அச்சுகள் ஏன் முறிகின்றன என்னும் ஆராய்ச்சி ஐரோப்பாவில் தீவிரமடைந்தது. பிரஷ்ய ரயில்வேயைச் சார்ந்த ஆகஸ்ட் வோலர் அச்சுகளை லட்சக்கணக்கான முறை வளைத்துச் சோதித்து, ஒரே தடவையில் முறிக்கப் போதாத சுமையும் திரும்பத் திரும்ப வந்தால் முறிக்கும் என்றும், உருக்கிற்கு ஓர் எல்லையின் கீழ் எத்தனை முறை ஏற்றினும் கேடில்லை என்றும் நிறுவினார். இதனினின்று பந்தயக்காரர் அறியவேண்டுவது, தண்டுக்கும் ஆயுள் உண்டு என்பது. முறியாத தண்டையும் குறித்த அளவு பந்தயங்களுக்குப் பின் கழற்றி வைத்தல் வேண்டும். புதுத் தண்டின் நெடுகிலும் நேர்கோடொன்றை வெள்ளை வண்ணத்தால் தீட்டி வைப்பது எளிய சூழ்ச்சி. அக்கோடு சற்றே திருகியிருக்கக் கண்டால், தண்டு மீளாத முறுக்கம் பெற்றுவிட்டது. முறியும் நாள் அண்மையில் உளது.

உருக்கின் தரம் பற்றிச் சுருங்கக் கூறுவோம். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த உருக்கைத் தக்கவாறு சுட்டுப் பதப்படுத்தின் வலிமை பெரிதும் உயரும். வெட்டிய பற்களினும் உருட்டி அழுத்திய பற்கள் நன்று. நுண்ணிய உருக்குக் குண்டுகளை மேற்பரப்பில் வீசியடித்தால் அங்குப் பிளவு தோன்றுதல் தடைப்படும். முறிந்த தண்டைப் பற்றவைத்தல் மட்டும் எக்காலத்தும் வேண்டா. பற்றுவைத்த சூடு பதத்தைக் கெடுக்கும்.

தண்டை வெல்லமுடியாததாக்கினால் அடுத்து முறிவது எது என்பதையும் எண்ணுக. 1920-களின் பிற்பகுதியில் ஆல்பிரட் ரெப்பா வகுத்த ஆறு குண்டு மூட்டே இன்றும் முன்சக்கரத் தண்டின் வெளிமுனையில் அமைகின்றது. ஸ்டீரிங்கை முற்றும் ஒடித்து முழு வேகம் கொடுக்கும்பொழுதும், வண்டியை உயர்த்திக் கட்டியதால் கோணம் மிகும்பொழுதும் அம்மூட்டு அல்லலுறும். மூட்டையும் வலுவாக்கினால் முறிவு கியர்ப்பெட்டிக்குள் புகும். பயின்ற குழுவினர் தண்டைச் சில நிமிடங்களில் மாற்றிவிடுவர். கியர்ப்பெட்டி உடைந்தால் அன்றையப் பந்தயம் முடிந்தது. ஆகவே தண்டை மின்கம்பியின் பியூஸ் போல எண்ணி, அடிக்கடி முறியாத அளவுக்கு வலியதாகவும், கியர்ப்பெட்டியினும் சிறிது மெலியதாகவும் வைத்தலே தக்கது என்பது நம் கருத்து.

கடற்கரை வாழ்வார்க்கு ஒரு சொல் மிகுதியாகக் கூறவேண்டும். வோலர் கண்ட அந்தக் கேடில்லா எல்லை உப்புநீர் படும் உருக்கிற்கு இல்லை. துருவின் சிறு குழி ஒவ்வொன்றும் பிளவின் பிறப்பிடமாகும். எவ்வளவு மெல்லிய சுமையும் காலப்போக்கில் முறிக்கும். மூட்டை மூடிய ரப்பர் உறை கிழிந்தால், கிரீஸ் வெளியேற மணலும் உப்பும் உள்ளே புகும். மரக்காணத்து வழியில் ஓடும் வண்டிகள் பந்தயத்திற்குரியன அல்ல எனினும், இந்நோய் அவற்றிற்கும் உண்டு. திருப்பத்தில் சக்கரத்தருகே 'கடகட' என்னும் ஒலி கேட்பின் காலந்தாழ்த்தாமல் உறையைப் பார்க்க வேண்டும். வண்டியைக் கழுவும்பொழுது நன்னீரை அடியிலும் பாய்ச்சுக. சேம அச்சையும் ஈரத்துணியில் சுற்றாமல் எண்ணெய் தடவி வைக்க. இடப்பக்கத் தண்டும் வலப்பக்கத் தண்டும் பல வண்டிகளில் நீளத்தில் வேறானவை ஆதலின் இரண்டையும் கொண்டுசெல்க.