மாடி உயர்ந்தது, குடி பெயர்ந்தது

மும்பை வாழ் தமிழருக்கு மாதுங்கா என்பது வெறும் ஊர்ப்பெயர் அன்று; கோயிலும் பள்ளியும் பூக்கடையும் காப்பி மணமும் சேர்ந்த சிறு தாயகம். அத்தாயகத்தை விட்டு நம் குடும்பங்கள் ஒவ்வொன்றாய் வெளியேறுவதை, டோம்பிவிலிப் பக்கத்து ரயில் நிலையத்தில் சீட்டு வழங்கும் நாங்கள் சன்னல் வழியே காண்கிறோம். ‘மாதுங்காவுக்கு மாதச் சீட்டு’ என்று புதிய தமிழ்க் குரல் கேட்டால், அங்கே இன்னொரு பழைய கட்டடம் இடிபட்டதோ என்று நெஞ்சு துணுக்குறுகிறது.

காரணம் என்ன? 1947-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வாடகையை 1940-இன் அளவிலேயே நிறுத்தியது. குடியிருப்போருக்கு அது நிழல். ஆனால் வருவாய் காணாத வீட்டுக்காரர் பழுது பார்க்கவில்லை. வாடகைக்கென்று புதிதாகக் கட்டுவோரும் அருகினர். சுவர் வெடித்தது, உத்தரம் இற்றது. ஆகவே இடித்துக் கட்டுவதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை.

எப்.எஸ்.ஐ. என்று இங்கே எல்லோர் வாயிலும் அடிபடுவது, மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளம் எழுப்பலாம் என்ற கணக்கு. 1991-ஆம் ஆண்டு விதிகள் தீவு நகரத்துக்கு 1.33 என்று வகுத்தன. அதாவது 1,000 சதுர அடி மனையில் 1,330 சதுர அடி. செஸ் வரி கட்டும் பழைய கட்டடங்களைப் புதுப்பிப்போருக்கு இதனினும் கூடுதல் அளவு தரப்பட்டது. பழைய குடியினருக்கு இலவச வீடு. எஞ்சியது கட்டுநர் விற்பனைக்கு. நல்ல ஏற்பாடே. ஆனால் மாடி கூடலாம் என்றதும் மண்ணின் விலையும் ஏறுகிறது. அதை மீட்கச் செல்வர்க்குரிய பெரிய வீடுகளே எழுகின்றன. குமாஸ்தாவின் சம்பளத்துக்கேற்ற வாடகை அறை அந்த வரைபடத்தில் இல்லை.

ஆலை நிலங்களின் கதையும் இதுவே. நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு திறந்த வெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்கு என்று 1991 விதி கூறியது. கட்டடம் இல்லாத வெற்றிடத்தை மட்டும் பங்கிட்டால் போதும் என்று 2001-இல் திருத்தினர். 2006-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. மக்களின் பங்கு சுருங்கிற்று.

எங்கள் பழைய கட்டடத்தில் எதிர்வீட்டாரிடம் பாட்டனார் பெயரில் வாடகை ரசீது இருந்தது. அவர்களுக்குப் புதிய மாடியில் வீடு கிடைத்தது. ஆனால் மாதப் பராமரிப்புக் கட்டணமோ பழைய வாடகையினும் பன்மடங்கு. எங்கள் தந்தையார் உள்வாடகைக்கு இருந்தவர். முப்பது ஆண்டு வாழ்ந்தும் கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை, ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரே குழாயில் நீர் பிடித்த இரு தாய்மார்களும் இன்று திருமண வீடுகளில்தான் சந்திக்கிறார்கள்.

அன்பர்களே! ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டின் சதுர அடி, இடைக்கால வாடகை, முடிக்கும் கெடு ஆகியன பதிவு செய்த ஒப்பந்தத்தில் இல்லாமல் அறையைக் காலி செய்யாதீர்கள். கட்டுநரின் விற்பனைத் திட்டம் மகாரேராவில் பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். சட்டம் அறிந்த நம் அன்பர்கள் திங்களுக்கு ஒருநாள் சங்கத்தில் அமர்ந்து இப்பத்திரங்களைப் படித்துச் சொன்னால், அது பெரும் தொண்டாகும். எங்களுக்கு வாய்க்காதது பிறருக்கேனும் வாய்க்கட்டும்.