மலைநாட்டு வீதியில் இரு பழைய வண்டிகள்

பழமையைப் போற்றுதல் ஏட்டுச் சுவடியோடும் கற்சிலையோடும் முடிந்துவிடுவதன்று. மனிதன் தன் தேவைக்கெனச் செய்த இயந்திரங்களும் காலங் கடந்தபின் கலைப்பொருள்களாகின்றன. அமெரிக்காவிலே 1960களின் மஸ்டாங், கமாரோ முதலிய பெருவலு வண்டிகளைத் தேடித் தொகுப்பார் பலர். இலங்கையிலோ அவ்வார்வம் பெரும்பாலும் சிறிய ஐரோப்பிய வண்டிகளையே நாடுகின்றது. அவற்றுள் மொரிஸ் மைனர், வொக்ஸ்வாகன் பீற்றில் ஆகிய இரண்டனுள் ஒன்றைப் பொகவந்தலாவை போன்ற மலைப்பகுதியில் பேணக் கருதுவார் எவற்றை நோக்கல் வேண்டும் என்பது ஆராய்தற்குரியது.

மொரிஸ் மைனர் 1948இல் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் வெளிவந்தது. அதனை அமைத்தவர் அலெக் இசிகோனிஸ். மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தோன்றவே, அவர் அதனை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். ஆரம்பகால வண்டிகளின் பம்பர் நடுவே காணப்படும் ஒட்டுத்துண்டு இதற்குச் சான்றாகும். பேர்டினன்ட் போர்ஷே வகுத்த வொக்ஸ்வாகன் 1930களில் உருவாகி, 1945க்குப் பின்னரே பெருந்தொகையாக உற்பத்தியாயிற்று. முன்னது 1971இலும் பின்னது 2003இலும் உற்பத்தி நீங்கின.

மலையேற்றத்தில் இவற்றின் வேறுபாடு தெளிவாகப் புலப்படும். பொகவந்தலாவை கடல்மட்டத்தினின்று 4,000 அடிக்கு மேல் உயர்ந்தது. அங்கே நீர் ஏறத்தாழ 96 பாகையிலேயே கொதிக்கும். ஆதலின் நீராற் குளிர்விக்கப்படும் மைனரின் ரேடியேற்றரில் அடைப்பிருப்பின், நெடிய ஏற்றத்தில் அது விரைவிற் கொதித்துவிடும். வொக்ஸ்வாகன் காற்றாற் குளிர்வது. கொதித்தற்கு அதனிடம் நீரில்லை. மேலும், அதன் இயந்திரம் பின்சில்லுகளின்மேல் அமைந்திருப்பதால், ஈரமான ஏற்றத்தில் அவை வழுக்காது பற்றும். எனினும் வளைவுகளில் அப்பின்பாரமே வண்டியின் வாலை வெளியே இழுக்கும். மைனரோ வளைவுகளிற் செவ்வனே திரும்பும் இயல்பினது.

இயந்திரத்தினும் முதன்மையானது உடலமைப்பு. மைனருக்குத் தனிச் சட்டமில்லை. உடலே அதன் முதுகெலும்பு. கதவடிப் பெட்டிப் பகுதியும் பின்வில்தாங்கிகளும் துருப்பிடிப்பின் வண்டி முழுவதும் வலுவிழக்கும். வொக்ஸ்வாகனின் உடல் அடித்தட்டின்மேல் ஆணிகளாற் பிணைக்கப்பட்டது, கழற்றிச் செப்பனிடலாம். ஆயினும் பின்னிருக்கையின்கீழ் பற்றரி வைக்கும் தட்டும், கதவடி வெப்பக்குழாய்களும் முதலில் அரிக்கப்படுவன. மைனரின் முன்சில்லைத் தாங்கும் கீழ்மூட்டிற்குக் காலந்தோறும் கிறீஸ் இடாதுவிடின் அது தேய்ந்து கழன்று, ஓடும்போதே சில்லு மடிந்துவிடும். சரிவு வீதியில் இஃது உயிருக்கே ஊறாகும்.

1960களிலும் 1970களிலும் நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் இலங்கையர் பழைய வண்டிகளைக் கைவிடாது செப்பனிட்டே ஓட்டினர். அதனால் அவ்வேலையறிந்த கைவினைஞர் தலைமுறையொன்று உருவாயிற்று. மைனரின் உதிரிப்பாகங்கள் 1990களில் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கும் சென்றன என்பது நினைவுகூரத்தக்கது.

ஆகவே, ஏற்றத்திலே அடிக்கடி ஓட்டக் கருதுவார்க்கு வொக்ஸ்வாகன் ஏற்றது. எளிய அமைப்பும் திருத்தும் வசதியும் விரும்புவார்க்கு மைனர் ஏற்றது. எதனைத் தேரினும், மேற்பூச்சின் பளபளப்பில் மயங்காது வண்டியின் அடியைக் குனிந்து நோக்குதலே அறிவுடைமை. மழையும் மூடுபனியும் மிக்க நாட்டில் வண்டியின் ஆயுள் அங்கேதான் எழுதப்பட்டுள்ளது.