கண்மாய்க்கு ஒரு கணக்கு

கண்மாய் ஒன்று நிரம்பி நிற்கும்போது அதில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கும்? ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ உள்ள ஒரு மாணவரிடம் கேட்டால் ‘நிறைய இருக்கும்’ என்றுதான் பதில் வரும். கண்மாய்க் கரையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரிவதில்லை. ஆனால் ஓர் ஊராட்சியோ நகராட்சியோ திட்டம் தீட்டுவதற்கு ‘நிறைய’ என்ற சொல் போதாது, எண் வேண்டும். அந்த எண்ணைக் கண்டறிந்து தருவது கல்லூரி மாணவர்களால் ஆகக்கூடிய காரியமே. எப்படி என்று பார்ப்போம்.

வெள்ளமும் வண்டலும்

இவ்விரு ஊர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்தவை. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பகுதியை மலையின் மறுபக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. ஆகவே இங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றையே பெரிதும் நம்பவேண்டியுள்ளது. மலையிலிருந்து வரும் ஓடைகளில் சில நாட்களே வெள்ளம் ஓடும். அதைத் தேக்கி வைக்க நம் முன்னோர் கண்மாய்களைச் சங்கிலிபோல் அமைத்தனர். ஒன்று நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்தது நிரம்பும்.

வெள்ளத்தோடு வண்டலும் வருகிறது. அது ஆண்டுதோறும் அடியில் படிந்து தண்ணீரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. 20 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு கண்மாயை எடுத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர்; எனவே பரப்பு 2,00,000 சதுர மீட்டர். இதில் 10 செ.மீ. கனத்துக்கு வண்டல் படிந்தால் இழப்பு 20,000 கன மீட்டர், அதாவது 2 கோடி லிட்டர்! ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர் என்று கொண்டால், 2,000 பேர் 100 நாட்கள் பயன்படுத்தும் தண்ணீருக்கு இது சமம். சாண் அளவுகூட இல்லாத வண்டல் செய்யும் வேலை இது.

குழாயும் அளவுகோலும்

கண்மாயின் கொள்ளளவை அளக்க விலையுயர்ந்த கருவிகள் கட்டாயமில்லை. தண்ணீர் நிரப்பிய, ஒளி புகும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று போதும். கொத்தனார்கள் ‘டியூப் லெவல்’ என்று சொல்வது இதைத்தான். குழாய் எப்படி வளைந்து கிடந்தாலும் இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரே திரவத்தில் ஒரே மட்டத்தில் அழுத்தம் சமம் என்று நீங்கள் பாடத்தில் படித்த விதியே இதற்குக் காரணம்.

கண்மாய் வற்றியிருக்கும் கோடையே அளப்பதற்கு ஏற்ற காலம். மிகுதி நீர் வழிந்தோடும் கலுங்கின் மேல்மட்டத்தைத் தொடக்கமாகக் கொள்ளவேண்டும். தண்ணீர் அதற்கு மேல் நிற்காதல்லவா? பிறகு 50 மீட்டருக்கு ஒன்றாக இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வோர் இடமும் கலுங்கு மட்டத்துக்கு எவ்வளவு கீழே உள்ளது என்று அளக்கவேண்டும். நம் 20 ஹெக்டேர் கண்மாயில் இப்படி 80 இடங்கள் வரும். குழாய் எட்டாத தூரத்துக்கு இடையிடையே முளை அடித்துப் படிப்படியாகச் செல்லலாம். கிடைத்த ஆழங்களின் சராசரியைப் பரப்பால் பெருக்கினால் கொள்ளளவு தெரிந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குழாய்க்குள் நிமிர்ந்து நிற்கும் பகுதியில் 2 செ.மீ. நீளக் காற்றுக் குமிழி அடைத்துக்கொண்டால் அந்தப் பக்கத்து நீர்மட்டம் ஏறக்குறைய 2 செ.மீ. உயர்ந்துவிடும். கண்பார்வையில் நேரும் சிறு பிழைகள் சில கூடியும் சில குறைந்தும் ஓரளவு ஈடாகிவிடும். குமிழியின் பிழையோ ஒரே பக்கமாக இழுக்கும். சராசரி ஆழத்தில் 2 செ.மீ. பிசகு, நம் கண்மாயில் 4,000 கன மீட்டர் பிசகாகும். 5 கன மீட்டர் மண் கொள்ளும் லாரிக்கு 800 நடை! அந்த மண்ணை அள்ளுவதற்கான கூலி பொதுமக்களின் வரிப்பணம். ஆகவே அளவை முடிந்ததும் புறப்பட்ட கலுங்குக்கே திரும்பி வந்து மீண்டும் அளக்கவேண்டும். தொடக்க அளவும் முடிவு அளவும் ஒத்துவராவிட்டால் எங்கோ தவறு நேர்ந்துள்ளது என்று பொருள்.

யாருடைய கண்மாய்?

தமிழ்நாட்டில் பொதுவாக 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கும். பெரியவை நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கும். இதை முதலில் தெரிந்துகொண்டு, உரியவர்களின் அனுமதி பெற்றே இறங்கவேண்டும். 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தங்கள் சிறு பாசனம், குடிநீர் போன்றவற்றை உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய பணிகளின் பட்டியலில் சேர்த்துள்ளன. எனவே எது தேவை என்று சொல்லவேண்டியது உள்ளாட்சி. அளந்து தரவேண்டியவர்கள் மாணவர்கள்.

இதற்கு வாய்ப்பும் உண்டு. நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கியது. இதில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்றவேண்டும். 7 நாள் முகாமும் உண்டு. 2014இல் தொடங்கிய உன்னத பாரத் அபியான் திட்டம், உயர்கல்வி நிறுவனங்கள் கிராமங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றின் தேவைகளை ஆராய்ந்து உதவ வழி செய்கிறது.

அமெரிக்காவில் ஆரிகன் பல்கலைக்கழகம் 2009இல் ஒரு முறையைத் தொடங்கியது. ஓர் ஆண்டுக்கு ஒரு நகரம். அந்நகர நிர்வாகம் தன் சிக்கல்களைச் சொல்லும். பல துறை மாணவர்கள் அவற்றையே தம் பாடப் பயிற்சியாக எடுத்துக்கொள்வார்கள். முதல் ஆண்டு கிரெஷம் நகரம், அடுத்த ஆண்டு சேலம். நம் சேலம் அல்ல. அதே பெயர் கொண்ட ஆரிகன் மாநிலத் தலைநகர்!

பதிவேடு பேசட்டும்

ஒரு முகாமில் குப்பை அகற்றினால் மறு ஆண்டு மீண்டும் சேரும். ஒருமுறை மட்டும் அளந்து எழுதிய அறிக்கையும் அலமாரியில் உறங்கிவிடும். கல்லூரி மாணவர் 3 ஆண்டுகளில் படிப்பை முடித்துப் போய்விடுவார். உள்ளாட்சி உறுப்பினரின் பதவிக்காலம் 5 ஆண்டுகள். கண்மாயோ பல தலைமுறைகளுக்கு உரியது. ஆகவே இருவரும் போன பின்னும் நிற்கக்கூடியவை இரண்டு வேண்டும்: கலுங்கில் அழியாத ஒரு குறி, ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பதிவேடு. ஒவ்வொரு கோடையிலும் புதிய மாணவர்கள் அதே 80 இடங்களை அளந்து அதே பதிவேட்டில் எழுதவேண்டும். அந்த எண்களைக் கிராம சபையில் படித்துக் காட்டவேண்டும். பத்து ஆண்டுகளில் வண்டல் எவ்வளவு ஏறியது, எந்த மூலையில் ஏறியது, எங்கே தூர் வாரினால் பயன் என்பதை அந்தப் பதிவேடே சொல்லும்.

இளம் நண்பர்களே! நீங்கள் கல்லூரிக்குச் செல்லச் சில ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் இரண்டு மீட்டர் பிளாஸ்டிக் குழாயில் நிறம் கலந்த தண்ணீரை நிரப்பி, உங்கள் பள்ளித் திண்ணையின் இரு மூலைகளும் ஒரே மட்டமா என்று சோதித்துப் பாருங்கள். வேண்டுமென்றே ஒரு குமிழியை விட்டும் அளந்து பாருங்கள். பிழை எங்கிருந்து வருகிறது என்று அறிந்தவரிடமே ஓர் ஊர் தன் கண்மாயை நம்பி ஒப்படைக்கலாம்.