குமிழிடும் வெந்நீரில் இறங்கும் முன்...

பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு பாசிர் பெனம்பாங் பக்கம் தங்கப் போகிறீர்களா? மதியம் ஆற்றோரக் கடையில் மீனும் நண்டும், இருட்டியதும் கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினிகள், திரும்பி வந்ததும் வாடகை வீட்டின் ஜக்கூஸியில் ஒரு வெந்நீர்க் குளியல். திட்டம் அருமைதான். ஆனால் வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை அறை, எவ்வளவு வாடகை என்று கேட்கும் நாம், அந்தத் தொட்டி நீரைப் பற்றிக் கேட்பதில்லை.

வீட்டுக் குளியல் தொட்டியில் ஒருவர் குளித்ததும் நீரை வெளியேற்றிவிடுகிறோம். ஜக்கூஸியிலோ அதே நீர்தான் சூடேறி, வடிகட்டப்பட்டுச் சுற்றிச் சுற்றி வருகிறது. 1,500 லிட்டர் தொட்டியில் நால்வர் இறங்குவது, 2.5 மில்லியன் லிட்டர் கொண்ட ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் 6,000க்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் இறங்குவதற்குச் சமம். அவர்களின் வியர்வையும் தோல் அழுக்கும் குளோரினைத் தின்றுவிடுகின்றன. சூடும் காற்றுக் குமிழிகளும் மிச்சத்தை விரைவாகக் குறைக்கின்றன.

குளோரின் குறைந்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா தோலில் அரிப்பும் சிவந்த கொப்புளங்களும் உண்டாக்கும். அதைவிட ஆபத்தானது லெஜியோனெல்லா. நமக்கு இதமான வெதுவெதுப்பே அதற்கும் இதம். குழாய்களின் உட்புற வழவழப்பில் அது குடியிருக்கும். குமிழிகள் உடையும்போது எழும் நுண்துளிகளை மூச்சில் இழுத்தால், நுரையீரலைத் தாக்கும். 1999இல் நெதர்லாந்தில் நடந்த ஒரு மலர்க் கண்காட்சியில், காட்சிக்கு வைத்திருந்த சுழல்நீர்த் தொட்டியிலிருந்து இந்நோய் பரவியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அதற்காகப் பயணத்தைக் கைவிட வேண்டாம். முன்பணம் கட்டுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நீரைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? குளோரினை எத்தனை நாளுக்கு ஒருமுறை அளக்கிறீர்கள்? வடிகட்டியை எப்போது கழுவினீர்கள்? தயங்காமல் பதில் சொல்பவரின் வீட்டை எடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் நீங்களே சோதிக்கலாம். நீச்சல் குளப் பொருள் விற்கும் கடைகளில் சோதனைத் தாள் கிடைக்கும். குளோரின் குறைந்தது 3 பிபிஎம், பிஎச் அளவு 7.0 முதல் 7.8க்குள் இருக்க வேண்டும். சுவரைத் தடவிப் பாருங்கள், வழுக்கினால் இறங்காதீர்கள். ‘குளோரின் வாடை தூக்குகிறது, சுத்தமாகத்தான் இருக்கும்’ என்று நம்பிவிடாதீர்கள். அந்த நெடி பெரும்பாலும், குளோரின் வியர்வையோடு கலந்து உருவான குளோரமைன்களின் நெடி.

நீரின் சூடு 40 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடாது. கழுத்தளவு வெந்நீரில் வியர்வை ஆவியாகாது. உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வழியில்லை. இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் இறங்கும். சட்டென எழுந்தால் தலை சுற்றும். மது அருந்தியவர்களும் சிறு குழந்தைகளும் இறங்க வேண்டாம். கர்ப்பிணிகளும் இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே இறங்கட்டும்.

வீடு திரும்பிய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் வந்தால், வெந்நீர்த் தொட்டியில் குளித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் சரியான சோதனைக்கும் மருந்துக்கும் வழிகாட்டும்.