மலையடிவாரக் காட்டுக்குத் தனியாகப் போகிறீர்களா?

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரம் முழுக்க மலை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு என்று அடிவாரத்தில் தோப்புகள்; தோப்பு முடிகிற இடத்தில் காடு தொடங்கிவிடும். சதுரகிரி மலைக்கோயிலுக்கு நடப்பவர், மாந்தோப்புக்கு இரவுக் காவல் போகிறவர், தப்பிப் போன மாட்டைத் தேடிப் போகிறவர் எனப் பலரும் அங்கே தனியாகத்தான் போகிறார்கள். இது அவர்களுக்காக எழுதியது.

முயல் வேட்டைக்குப் போகலாமா என்று யாராவது கேட்டால் பதில் ஒன்றே: கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், கௌதாரி, மான், பன்றி எதையும் வேட்டையாட முடியாது, பிடிபட்டால் சிறை. உங்கள் கடலைக் காட்டைப் பன்றி உழுதுவிட்டாலும் துப்பாக்கி எடுப்பது வனத்துறையின் வேலை, உங்களுடையதல்ல. அதுவும் இந்தக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். அனுமதியுள்ள பாதையைத் தாண்டி உள்ளே போவதே குற்றம்.

சரி, அனுமதியோடு போகிறீர்கள். முதலில் என்ன செய்ய வேண்டும்? பையைக் கட்டுவதற்கு முன் ஒரு துண்டுத் தாளை எடுங்கள். “ஞாயிறு காலை 6 மணி, தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி. பைக் அடிவாரத்தில் நிற்கும். நீலச் சட்டை. மாலை 5 மணிக்குள் போன் வரும். 7 மணி வரை வராவிட்டால் 112-க்குச் சொல்லவும்.” இதை எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இவ்வளவு விவரம் எதற்கு? கணுக்கால் பிசகி ஒரு பாறை இடுக்கில் உட்கார்ந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். நீங்கள் காணவில்லை என்று ஒருவருக்குத் தோன்றும் வரை யாரும் தேட மாட்டார்கள். “அப்பா எங்கேயாவது பேசிக்கொண்டிருப்பார்” என்று வீட்டில் நினைத்தால் ஒரு ராத்திரி போய்விடும். நேரம் எழுதியிருந்தால் அந்தத் தயக்கம் வராது. சட்டையின் நிறமும் பைக் நிற்கும் இடமும் தேடுகிறவர்களுக்குத் துப்பு. எந்தக் கருவியையும் விட இந்தத் தாளைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

கையில்தான் போன் இருக்கிறதே என்பீர்கள். மலைக்குள் பல இடங்களில் சிக்னல் கிடையாது. உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் டவர் எட்டினால் 112 போகக்கூடும். அதனால் ஒரு முறை அழுத்திப் பார்க்காமல் விடாதீர்கள். பேச முடியாத இடத்திலும் குறுஞ்செய்தி சில சமயம் போய்விடும். டவரைத் தேடித் தேடியே சார்ஜ் இறங்கும் என்பதால், நடக்கும்போது ஃப்ளைட் மோடில் போட்டு வையுங்கள். ஒரு விசிலும் கழுத்தில் இருக்கட்டும். மூன்று ஊதல், சற்று இடைவெளி, மறுபடி மூன்று என்று ஊதுங்கள். தொண்டை வறண்ட பிறகும் விசில் ஊத முடியும்.

இந்த மலையில் நான் அதிகம் பயப்படுவது யானைக்கோ சிறுத்தைக்கோ அல்ல, ஓடைக்குத்தான். சதுரகிரிப் பாதையில் மாங்கனி ஓடை, சங்கிலிப்பாறை, பிலாவடி கருப்பசாமி கோயில் ஓடை என்று வழி நெடுகத் தண்ணீர் குறுக்கிடும். காலையில் பாதம் நனையாமல் தாண்டிய ஓடை, மேலே பெய்த மழையில் மதியம் ஆளை இழுக்கும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்; மழை மலை உச்சியில் பெய்திருக்கும். 2015 மே மாதம் அமாவாசைக்கு வந்த பக்தர்கள் இப்படித்தான் திடீர் வெள்ளத்தில் சிக்கி உயிரிழந்தார்கள். கோடைகாலம்தானே என்ற நினைப்பு அங்கே உதவவில்லை.

வெள்ளம் வரப்போகிறது என்று எப்படித் தெரியும்? தெளிந்த தண்ணீர் கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். மேலிருந்து இரைச்சல் கேட்கும். இதில் ஒன்றைக் கண்டாலும் செருப்பைத் தேடிக்கொண்டிராமல் கரைமேல் ஏறிவிடுங்கள்.

ஏற்கெனவே அக்கரையில் மாட்டிக்கொண்டால்? இருங்கள். அதுதான் பதில். முழங்கால் அளவுத் தண்ணீரும் வேகமாக ஓடினால் ஆளைச் சாய்த்துவிடும். கீழே வழுக்குப் பாறை. மலை ஓடை ஏறிய வேகத்தில் வடியவும் செய்யும். சில மணி நேரம், மிஞ்சினால் ஒரு ராத்திரி. “பஸ் போய்விடும், காலையில் வேலைக்குப் போகணும்” என்ற அவசரத்தில்தான் ஆட்கள் இறங்குகிறார்கள். அந்த ஒரு ராத்திரிக்காகத்தான் பையில் பொரிகடலை, வெல்லம், இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, டார்ச், மாற்று பேட்டரி வைத்துக்கொள்ளச் சொல்வது.

பாம்பு கடித்தால் என்ன செய்வது? கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, பச்சிலை தேடக் கூடாது. மோதிரம், கொலுசு, கயிறு இருந்தால் வீங்குமுன் கழற்றிவிடுங்கள். போன் கிடைத்தால் 108-க்குச் சொல்லிவிட்டுக் கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் இருங்கள். போன் கிடைக்கவில்லை, ஆளும் இல்லை என்றால் மெதுவாக, உட்கார்ந்து உட்கார்ந்து, ஆள் நடமாட்டம் உள்ள இடத்துக்கு நடக்கலாம். ஓடக் கூடாது. ஏ.எஸ்.வி. (பாம்பு விஷத்தை முறிக்கும் ஊசி மருந்து) அரசு மருத்துவமனைகளில் இலவசம். பாம்பை அடித்து எடுத்துப் போகத் தேவையில்லை.

தோப்புக் காவலுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டுவிரியன் இரவில் கடித்தால் பெரும்பாலும் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை தொங்கல், நாக்குக் குழறல் என்று தொடங்கும். “எறும்பு கடித்திருக்கும்” என்று மறுபடி படுத்துவிடாதீர்கள். தரையில் படுக்காமல் கட்டிலில் படுத்து, கொசுவலையை விரிப்புக்கு அடியில் செருகிக்கொண்டாலே ஆபத்தில் பெரும்பகுதி போய்விடும்.

காட்டு ஓரத்தில் மனிதர் வைத்த ஆபத்துகளும் உண்டு. ஒன்று, அவுட்டுக்காய் (பன்றியைக் கொல்ல இரைக்குள் வைக்கும் நாட்டு வெடி). வெடிமருந்து புழங்கும் நம் பகுதியில் இதைத் தனியாகவே எச்சரிக்க வேண்டும். நூலால் இறுக்கிச் சுற்றிய எலுமிச்சை அளவு உருண்டை, மேலே கொழுப்போ குடலோ பழமோ பூசி, ஒற்றையடிப் பாதை ஓரத்தில் கிடக்கும். கடித்தாலோ மிதித்தாலோ வெடிக்கும். எடுத்துப் பார்க்காதீர்கள், கல்லால் அடிக்காதீர்கள். நாயைக் கூட்டிப் போயிருந்தால் சங்கிலியில் பிடியுங்கள். வந்த தடத்திலேயே பின்வாங்கி, வனத்துறைக்கோ காவல்துறைக்கோ இடத்தைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, திருட்டு மின்வேலி. முழங்கால் உயரக் குச்சிகளில் ஒற்றைக் கம்பி ஓடினால் அதில் மின்சாரம் இருப்பதாகவே நினையுங்கள். இருட்டில் நடக்க நேர்ந்தால் டார்ச்சைத் தரையோடு அடித்துக்கொண்டு நடங்கள். அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டால் தொடாதீர்கள். மின்னகம் (மின்வாரியப் புகார் மையம்) எண் 94987 94987-க்குச் சொல்லி இணைப்பைத் துண்டிக்கச் செய்த பிறகே கிட்டப் போகலாம்.

மாசி, பங்குனியில் புல் காய்ந்துவிடும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் மாண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். தீ, சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். எனவே மேலே ஏறித் தப்பலாம் என்று நினைக்காமல், பக்கவாட்டில் விலகிப் புல் இல்லாத பாறைக்கோ ஓடைப் படுகைக்கோ ஏற்கெனவே எரிந்து கருகிய தரைக்கோ போங்கள். பன்றியை விரட்டப் பட்டாசு கொளுத்தும் பழக்கம் இங்கே உண்டு. அந்த மாதங்களில் அதைக் காட்டு ஓரத்தில் செய்யவே கூடாது.

விலங்குகளிடமிருந்து தப்புவது எப்படி? கரடியும் காட்டுமாடும் யானையும் எதிர்பாராமல் பக்கத்தில் ஆளைக் கண்டால்தான் பெரும்பாலும் பாய்கின்றன. திருப்பங்களில் குரல் கொடுத்துக்கொண்டு நடங்கள். காதில் பாட்டு வேண்டாம். சூடான சாணம் கண்டால் திரும்பிவிடுங்கள். விடியுமுன்னும் அந்திக்குப் பின்னும் நடக்காதீர்கள்.

சதுரகிரிக்கு அனுமதிக்கும் நாளும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். மழை அறிவிப்பு வந்தால் தாணிப்பாறை வாயிலை மூடிவிடுவார்கள். கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். கோயிலுக்காக அல்ல, காட்டைப் பார்க்கத்தான் ஆசை என்றால், 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் பதிவு செய்து போகலாம். பயிற்சி பெற்ற வழிகாட்டி கூடவே வருவார்.