துணிவும் அளவும்: ஜெரால்ட் லெவினின் தொழில் வரலாறு

புதிய கருவியொன்று உலகிற்கு வரும்போது, அதனைக் கண்டறிந்த விஞ்ஞானியின் பெயர் நூல்களில் இடம்பெறுகின்றது. அக்கருவியை வீடுதோறும் கொண்டுசென்று ஒரு தொழிலாக நிலைநிறுத்திய நிருவாகியின் பெயரைப் பெரும்பாலோர் அறியார். ஆயினும் எந்தக் கருவி வாழும், எது வழக்கொழியும் என்பதைத் தீர்மானிப்பதில் அத்தகையோரின் பங்கு சிறிதன்று. அமெரிக்காவின் கேபிள் தொலைக்காட்சித் துறையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றிய ஜெரால்ட் லெவின் என்பவரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அவர் 1975 ஆம் ஆண்டில் எடுத்த ஒரு முடிவு தொலைக்காட்சியின் போக்கையே மாற்றியது. 2000 ஆம் ஆண்டில் எடுத்த மற்றொரு முடிவு, வணிக வரலாற்றின் மிகப் பெரிய இழப்புகளுள் ஒன்றிற்கு வழிகோலியது. இரு முடிவுகளிலும் துணிவு இருந்தது. அவ்வாறாயின் ஒன்று வாழ்ந்ததும் மற்றொன்று வீழ்ந்ததும் ஏன் என்பது ஆராயத்தக்கது.

லெவின் 1939 ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரிற் பிறந்தவர். கலைக் கல்வியை முடித்துப் பின்னர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்றார். நியூ யோர்க் நகரிற் சட்டத்தரணியாகச் சில காலம் பணியாற்றியபின், அபிவிருத்தித் திட்டங்களை நடத்தும் நிறுவனமொன்றிற் சேர்ந்து ஈரான் நாட்டிலும் வேலை செய்தார். பொறியியலோ மின்னியலோ அவர் கற்றவரல்லர். அவர் 1972 ஆம் ஆண்டில் டைம் நிறுவனத்தின் ஆதரவோடு அப்போது உருவாகிக்கொண்டிருந்த ‘ஹோம் பொக்ஸ் ஒபிஸ்’ என்னும் சிறிய நிறுவனத்தில் நிகழ்ச்சிப் பொறுப்பாளராகச் சேர்ந்தார். ‘எச்.பி.ஓ.’ என்று சுருக்கமாக வழங்கப்படுவது இதுவே.

இந்நிறுவனத்தின் நோக்கத்தை அறிவதற்குக் கேபிள் தொலைக்காட்சி எவ்வாறு தோன்றியது என்பதை முதலில் அறிதல் வேண்டும். தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்பவை. மலை குறுக்கிட்டால், அதற்கு அப்பாலுள்ள பள்ளத்தாக்கில் வாழ்வோருக்குப் படம் தெளிவாகக் கிட்டாது. 1948 ஆம் ஆண்டளவில் பென்சில்வேனியா, ஒரிகன் முதலிய மாநிலங்களின் சிற்றூர்களில் இக்குறையைப் போக்க ஓர் எளிய வழி கண்டனர். உயரமான ஓரிடத்தில் அன்டெனாவை நாட்டி, அங்கு கிடைத்த ஒளிபரப்பைக் கேபிள் மூலம் வீடுகளுக்குக் கொண்டுவந்தனர். வீட்டார் மாதந்தோறும் ஒரு கட்டணம் செலுத்தினர். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள்வரை கேபிள் என்பது பிறர் ஒளிபரப்பியதை வாங்கி வழங்கும் ஊழியனாகவே இருந்தது.

சார்ள்ஸ் டோலன் என்பவர் அதற்கு மேலும் ஒரு படி செல்ல எண்ணினார். விளம்பரம் இல்லாத திரைப்படங்களையும் விளையாட்டுப் போட்டிகளையும் கேபிள் வழியாகத் தனிக் கட்டணத்திற்கு வழங்கலாம் என்பது அவர் கருத்து. அவ்வாறு பிறந்ததே எச்.பி.ஓ. 1972 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆந் திகதி பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பார் நகரில் அதன் முதல் ஒளிபரப்பு நடைபெற்றது. அன்று அதனைப் பெற்ற வீடுகள் 365 மட்டுமே. அடுத்த ஆண்டு டோலன் விலகிச் செல்ல, நிறுவனத்தின் தலைமை லெவினின் கைக்கு வந்தது.

அவர் எதிர்நோக்கிய இடர்கள் இரண்டு. புதுமை தீர்ந்ததும் சந்தாதாரர் பலர் விலகிச் சென்றனர், இது முதலாவது. நிகழ்ச்சியைத் தொலைதூர ஊர்களுக்குக் கொண்டுசெல்வது பெருஞ்செலவாயிற்று, இது இரண்டாவது. அக்காலத்தில் நுண்ணலைக் கோபுரங்களே பயன்பட்டன. ஒரு கோபுரம் அலையைப் பெற்று அடுத்த கோபுரத்துக்கு அனுப்பும். அது அதற்கடுத்ததற்கு அனுப்பும். இவ்வாறு சில பத்துக் கிலோமீற்றருக்கு ஒன்றாகக் கோபுரங்களை நாட்டிச் சென்றால், அமெரிக்கா போன்ற பரந்த தேசத்தின் மறுகரையை ஒரு சிறு நிறுவனம் எட்டுவது எக்காலம்?

இதற்கான விடை, இலங்கை மக்களுக்கு நன்கு அறிமுகமான ஒருவரின் எழுத்தில் முன்னரே இருந்தது. 1956 ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்து, 2008 ஆம் ஆண்டில் மறையும்வரை இங்கேயே வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், 1945 ஆம் ஆண்டிலேயே ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்னும் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வரைந்திருந்தார். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,800 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் ஒரு செய்மதி, பூமி தன்னைத்தானே சுற்றும் அதே கால அளவிற் சுற்றுவதால், நிலத்திலிருந்து நோக்குவோருக்கு ஓரிடத்தில் நிலைத்து நிற்பதுபோலத் தோன்றும். அங்கிருந்து பூமியின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிற்கு அலைகளை அனுப்பலாம். அவ்வாறாயின் கோபுர வரிசைக்கு அவசியம் யாது? ஒரு செய்மதியும், ஊருக்கு ஓர் அன்டெனாவும் போதும்.

இவ்வழியை நாடுமாறு லெவின் டைம் நிறுவனத்தாரை இணங்கச் செய்தார். செய்மதியில் ஆறு ஆண்டுகளுக்கு இடம்பெற 75 இலட்சம் டொலர் செலவாகும். நட்டத்தில் நடந்துகொண்டிருந்த நிறுவனத்துக்கு அது பெருந்தொகையே. 1975 ஆம் ஆண்டு செப்டெம்பர் 30 ஆந் திகதி இரவு, முகம்மது அலியும் ஜோ பிரேசியரும் மணிலாவில் மோதிய குத்துச்சண்டையை, எச்.பி.ஓ. புளோரிடா, மிசிசிப்பி ஆகிய மாநிலங்களின் கேபிள் நிலையங்களுக்குச் செய்மதி வழியாக அனுப்பியது. உலகின் மறுபுறத்தில் விழுந்த குத்தை அவ்வூரார் அக்கணமே தம் வீட்டுக் கூடத்திலிருந்து கண்டனர்.

அதன்பின் நாடெங்குமுள்ள கேபிள் நிலையங்கள் அன்டெனாக்களை நிறுவலாயின. அவை நிறுவப்பட்டதும், பிறரும் அவ்வழியே வரத் தொடங்கினர். 1976 ஆம் ஆண்டில் டெட் டேர்னர் தமது அற்லான்டா நிலையத்தைச் செய்மதியில் ஏற்றினார். 1980 ஆம் ஆண்டில் நாள் முழுவதும் செய்தி வழங்கும் சி.என்.என். நிலையத்தை ஆரம்பித்தார். பிறர் நிகழ்ச்சியைச் சுமந்த கேபிள், தனக்கென நிகழ்ச்சியுடைய ஊடகமாயிற்று.

இம்முடிவின் இயல்பை இங்கே கவனித்தல் நன்று. தீர்க்கவேண்டிய குறை எதுவென்பது தெளிவாக இருந்தது. இழக்கக்கூடிய தொகைக்கு ஓர் எல்லை இருந்தது. அது பொய்த்திருந்தாலும் டைம் நிறுவனம் அழிந்திராது. அன்டெனாவில் படம் வருகின்றதா இல்லையா என்பதைச் சில மாதங்களிற் கண்ணாற் கண்டறிய முடிந்தது.

லெவின் படிப்படியாக உயர்ந்தார். டைம் நிறுவனமும் வோர்னர் நிறுவனமும் 1990 ஆம் ஆண்டில் ஒன்றாயின. 1992 ஆம் ஆண்டின் இறுதியில் தலைவர் ஸ்டீவ் ரோஸ் காலமாகவே, அப்பெரும் நிறுவனத்தின் முழுப் பொறுப்பும் லெவினைச் சார்ந்தது. 1996 ஆம் ஆண்டில் டேர்னரின் நிறுவனமும் அதனுடன் இணைந்தது.

இதற்கிடையில் 1994 ஆம் ஆண்டு டிசெம்பரில், புளோரிடாவின் ஒர்லாண்டோ நகரில் அவர் ஒரு பரிசோதனையை ஆரம்பித்தார். வேண்டிய திரைப்படத்தை வேண்டிய வேளையிற் பார்த்தல், வீட்டிலிருந்தே பொருள் வாங்குதல் முதலியவற்றைக் கேபிள் வழியாக வழங்குவதே அதன் நோக்கம். ஏறத்தாழ 4,000 வீடுகள்வரை சென்ற அத்திட்டம், கருவிகளின் விலை மிகையால் 1997 ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. எனினும் அங்கு ஒத்திகை பார்க்கப்பட்டவை பின்னாளில் உலகெங்கும் சாதாரண வழக்கமாயின. காலத்திற்கு முந்திய முயற்சியாயினும், ஓர் ஊருக்குள் அடங்கிய முயற்சியாதலால் அதன் தோல்வி எவரையும் வீழ்த்தவில்லை.

அதே 1997 ஆம் ஆண்டில் அவருக்குப் பெருந்துயர் நேர்ந்தது. நியூ யோர்க்கின் புரொங்ஸ் பகுதியில், வறிய மாணவர் பயிலும் அரசினர் பாடசாலையில் ஆங்கில ஆசிரியராக இருந்த அவர் மகன், முன்னாள் மாணவன் ஒருவனாற் கொல்லப்பட்டார். செல்வத் தந்தையின் நிழலை விடுத்து ஆசிரியப் பணியை விரும்பி ஏற்றவர் அவர். அவ்விழப்பு தம்மை மாற்றியதென லெவின் பிற்காலத்திற் பொதுவிடங்களிற் கூறினார்.

2000 ஆம் ஆண்டு ஜனவரி 10 ஆந் திகதி, டைம் வோர்னரும் ‘அமெரிக்கா ஒன்லைன்’ நிறுவனமும் இணையப்போவதாக லெவினும் ஸ்டீவ் கேஸும் அறிவித்தனர். அமெரிக்கா ஒன்லைன், தொலைபேசிக் கம்பி வழியாக மக்களை இணையத்தோடு தொடர்புபடுத்திய நிறுவனம். வருமானத்தில் டைம் வோர்னரே பன்மடங்கு பெரியது. எனினும் பங்குச் சந்தையில் இணைய நிறுவனங்களின் விலை வானளாவ ஏறியிருந்த காலமாதலால், புதிய நிறுவனத்தில் 55 சதவீதம் அமெரிக்கா ஒன்லைன் பங்காளருக்கும், 45 சதவீதம் டைம் வோர்னர் பங்காளருக்கும் என முடிவாயிற்று. கைமாறியது ரொக்கப் பணமன்று, பங்குகளே. அப்பங்குகளின் விலை இடையில் வீழ்ந்தால் உடன்பாட்டைத் திருத்திக்கொள்ள வழிசெய்யும் பாதுகாப்பு விதியும் அதிற் சேர்க்கப்படவில்லை.

சில வாரங்களிற் சந்தை சரியத் தொடங்கியது. 2001 ஆம் ஆண்டு ஜனவரியில் இணைப்பு நிறைவேறிய வேளையில், பெற்ற பங்குகளின் மதிப்பிற் கணிசமான பகுதி கரைந்திருந்தது. இதில் ஒரு வினோதமும் உண்டு. தொலைபேசி வழி இணையத்தை வழக்கொழியச் செய்தவற்றுள், அதனினும் விரைவுமிக்க கேபிள் வழி இணையம் முதன்மையானது. அக்கேபிள் வலையமைப்போ டைம் வோர்னரிடம் முன்னரே இருந்தது. எதிர்காலத்தைக் கையில் வைத்திருந்த நிறுவனமே, கடந்துபோகும் ஒன்றைத் தன்னிற் பாதிக்கும் மேல் கொடுத்துப் பெற்றது. 2002 ஆம் ஆண்டுக் கணக்கில் 9,800 கோடி டொலருக்கும் அதிகமான நட்டம் பதிவாயிற்று. ஊழியர் பலரின் ஓய்வுக்காலச் சேமிப்பும் அதோடு தேய்ந்தது. அவ்வாண்டிலேயே லெவின் பதவியினின்று நீங்கினார்.

பத்து ஆண்டுகளின் பின், 2010 ஆம் ஆண்டில், அவர் தொலைக்காட்சியில் தோன்றி, பொறுப்பு தம்முடையதே என ஏற்று, துன்புற்றோரிடம் வருத்தந் தெரிவித்தார். பெருநிறுவனத் தலைவர்களிடம் இப்பண்பு அரிது. 2024 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தமது 84 ஆவது வயதில் அவர் காலமானார்.

1975 இலும் 2000 இலும் புதிய ஊடகம் வரப்போகின்றது என்ற அவர் கணிப்பு பிழையாகவில்லை. செய்மதியும் வந்தது, இணையமும் வந்தது. முதன்முறை அவர் ஒரு கருவியின் பயனை அளந்து, தாங்கக்கூடிய பொருளைப் பணயம் வைத்தார். மறுமுறை சந்தை அன்று சொன்ன விலையையே அளவாகக் கொண்டு, ஆயிரக்கணக்கானோரின் உழைப்பால் விளைந்த நிறுவனம் முழுவதையும் பணயம் வைத்தார். வருவதை முன்னறியும் ஆற்றல் ஒருவரைத் தலைமைக்கு உயர்த்தலாம். ஆனால் அத்தலைமையின்கீழ் வாழ்வோரைக் காப்பது, தவறினால் இழப்பது எவ்வளவு, அதனைத் தாங்குவோர் யாவர் என்ற கணக்கேயாகும்.