குளிர் ஏரியில் படகுப் பயணம்: பிள்ளைகளோடு எங்கே போகலாம்?

சித்திரைத் திருவிழா முடிந்தது. அழகர் மலைக்குத் திரும்பிவிட்டார். வெயில் மட்டும் திரும்பவில்லை!

மதுரையில் பல வீடுகளில் இப்போது இந்தப் பேச்சுதான்.

"என்னங்க, பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ளே பிள்ளைகளைக் குளிர்ச்சியான இடத்துக்குக் கூட்டிப் போவோமா?"

"போகலாம். ஆனால் சின்னவனுக்கு இன்னும் மூணு வயசுகூட முடியலையே!"

"அப்பா, படகிலே போகணும்!" என்று மூத்தவள் குதிக்கிறாள். "அப்பத்தாவும் வரணும்!"

எங்கே போவது? கொடைக்கானலா, தேக்கடியா?

கப்பலில் போகிறவர்கள்

உலகத்தில் பெரும் பணக்காரர்கள் குளிர் தேடிக் கப்பலில் போகிறார்கள். அமெரிக்காவின் அலாஸ்காவுக்கும், ஐரோப்பாவின் நார்வேக்கும் உல்லாசக் கப்பல்கள் போகின்றன. கப்பலுக்குள்ளேயே நீச்சல் குளம் உண்டு. பிள்ளைகள் விளையாடத் தனி அறை உண்டு. செலவு லட்சக் கணக்கில் ஆகும்.

ஒரு வேடிக்கை பாருங்கள். கோடைகாலத்தில் அலாஸ்காவின் கரையோர ஊர்களில் பகலில் இருக்கும் குளிரும், மார்கழியில் கொடைக்கானலில் பகலில் இருக்கும் குளிரும் ஏறக்குறைய ஒன்றுதான்! நமக்கு ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் ஒரு டிக்கெட் போதும்.

கலெக்டர் கட்டிய ஏரி

கொடைக்கானல் ஏரி இயற்கையாக உண்டானது அல்ல. மதுரை ஜில்லாக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரர், 1863-ம் ஆண்டில் ஓடைக்குக் கரை போட்டு உண்டாக்கியது. கொடைக்கானல் அப்போது மதுரை ஜில்லாவில் இருந்தது. முதல் படகு தூத்துக்குடியில் இருந்து வந்ததாகச் சொல்வார்கள். அந்த நாளில் மலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. படகை எப்படித்தான் மேலே ஏற்றினார்களோ!

தேக்கடி ஏரியும் மனிதன் உண்டாக்கியதுதான். பென்னிகுவிக் என்ற என்ஜினீயர் கட்டி, 1895-ல் திறக்கப்பட்ட பெரியாறு அணையால் தேங்கிய நீர் அது. அன்று மூழ்கிய காட்டு மரங்களின் கட்டைகள் இன்றும் தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும். கரையில் யானையும் காட்டெருமையும் தண்ணீர் குடிக்க வரும்.

எது அதிகக் குளிர்?

மலையில் 1,000 அடி ஏறினால் சுமார் 2 டிகிரி வெப்பம் குறையும். கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். தேக்கடி சுமார் 3,000 அடிதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். கொடைக்கானலில் நடுக்கம்; தேக்கடியில் இதமான குளுமை.

மார்கழி, தை மாத இரவுகளில் கொடைக்கானலில் 8, 9 டிகிரிக்கு இறங்கிவிடும். கைக்குழந்தையின் உடம்புச் சூடு பெரியவர்களைவிட வேகமாகக் குறையும். ஆகையால் கைக்குழந்தை உள்ளவர்கள் அந்த மாதங்களில் அங்கே இரவு தங்குவதைத் தவிர்ப்பது நல்லது. சித்திரை, வைகாசியில் தாராளமாகப் போகலாம். அப்போதும் கம்பளிக் குல்லா வேண்டும். ஒரே கனத்த ஸ்வெட்டரைவிட, இரண்டு மூன்று மெல்லிய சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுவிடுங்கள். நனைந்த துணியை உடனே மாற்றுங்கள்.

வழியில் வாந்தி

பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் குளிர் அல்ல, வாந்திதான்! இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கே இந்தத் தொல்லை அதிகம்.

கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டைத் தாண்டி, காட்ரோட்டில் மலைப்பாதை தொடங்குகிறது. அங்கிருந்து சுமார் 50 கிலோ மீட்டர் வளைவுதான், வளைவுதான்! தேக்கடிக்கு உசிலம்பட்டி, தேனி, கம்பம் வழியாகச் சமவெளியிலேயே போய்விடலாம். லோயர் கேம்ப்பில் இருந்து குமுளி வரை சில கிலோ மீட்டர்தான் மலை ஏற்றம். தூரம் சற்று அதிகம், தலைசுற்றல் குறைவு.

காலையில் எண்ணெய்ப் பலகாரம் கொடுக்காதீர்கள். இரண்டு இட்லி போதும். முன் பக்கம் உட்கார வைத்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் செல்போனைக் கொடுத்தால் வாந்தி நிச்சயம்.

சொந்த வண்டியில் கொடைக்கானல் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி, 2024 மே 7-ந் தேதி முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. புறப்படும் முன்பே அதை வாங்கிக்கொள்ளுங்கள். அரசு பஸ்சில் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

45 உயிர்கள்

இனிச் சொல்லப் போவதைத் தாய்மார்கள் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

2009-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி மாலை. தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டு அடுக்குப் படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். அது பழைய ஓட்டைப் படகு அல்ல, புதிய படகு. கரையில் விலங்குகளைக் கண்டதும் பலரும் ஒரே பக்கமாகத் திரண்டார்கள். படகு சாய்ந்தது. பயணிகள் உடம்பில் லைப் ஜாக்கெட் இல்லை.

அந்த விபத்துக்குப் பிறகு லைப் ஜாக்கெட் கட்டாயம் ஆயிற்று. ஆனால் அதை எப்படி அணிவிப்பது?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மலை ஏரியில் என் மகளுக்கு ஒரு ஜாக்கெட்டை மாட்டிவிட்டார்கள். அவளுக்கு அப்போது நான்கு வயது. "பத்திரமாக இருக்கிறாள்" என்று நானும் மகிழ்ந்தேன். படகில் தூக்கி உட்கார வைக்க, ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினேன். ஜாக்கெட் மட்டும் மேலே வந்தது. பிள்ளை கீழே நின்றாள்! அது பெரியவர்களுக்கான அளவு. தண்ணீரில் விழுந்திருந்தால் ஜாக்கெட் மிதந்திருக்கும்; அவள்? அன்று நாங்கள் படகில் ஏறவில்லை. அவள் அழுதாள். சோளக்கதிர் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

அன்று தற்செயலாக நடந்ததை இப்போது வேண்டுமென்றே செய்கிறேன். எல்லா வாரையும் மாட்டிய பிறகு, தோள் பக்கத்தில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். பிள்ளையின் காதுவரை ஜாக்கெட் ஏறினால் அது பெரிது. சிறியது கேளுங்கள். கால்களுக்கு இடையே மாட்டும் வார் உள்ளது கிடைத்தால் மிக நல்லது. "எங்களிடம் இதுதான் இருக்கிறது" என்றால் கும்பிடு போட்டுவிட்டுக் கரையிலேயே நில்லுங்கள்.

படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று விசாரியுங்கள். 2023 மே 7-ந் தேதி, கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய உல்லாசப் படகு இருட்டிய நேரத்தில் கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். அவர்களில் 15 பேர் குழந்தைகள். பொழுது சாய்ந்த பிறகு "கடைசிப் படகு, வாங்க வாங்க" என்று எங்கே யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

சின்னவனைக் கேளுங்கள்!

எந்த ஊர் என்று முடிவு செய்யும்போது மூத்த பிள்ளையின் ஆசையைப் பார்க்காதீர்கள். வீட்டில் மிகச் சிறிய பிள்ளையைப் பாருங்கள்.

ஐந்து வயதுக்குள் பிள்ளை இருந்தால், என் ஓட்டு கொடைக்கானல் ஏரிக்கு. துடுப்புப் படகில் அரை மணி நேரம் போனால் போதும். பிள்ளை அழுதால் உடனே கரைக்குத் திரும்பலாம். பிறகு ஏரியைச் சுற்றியுள்ள ரோட்டில் அப்பத்தாவோடு காலாற நடக்கலாம்.

தேக்கடியில் படகு திரும்பி வரச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். நடுவில் இறங்க முடியாது. சத்தம் போட்டால் யானை வராது. சொன்னால் கேட்டு, எழுந்திருக்காமல் உட்காரும் எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அது சொர்க்கம். விலங்கைக் கண்டாலும் இடத்தை விட்டு எழக் கூடாது என்று ஏறுவதற்கு முன்பே சொல்லி வையுங்கள்.

ஆனால் மலைப்பாதை என்றாலே வாந்தி எடுக்கும் பிள்ளை என்றால்? சிறியவனாக இருந்தாலும் தேக்கடிக்கே போங்கள். படகை அடுத்த வருஷத்துக்கு ஒத்திவைத்து, கரையில் இருந்து ஏரியைக் காட்டுங்கள்.

திரும்பும் வழியில் குமுளி மலை இறங்கும்போது, ராட்சதக் குழாய்கள் லோயர் கேம்ப் மின்சார நிலையத்துக்கு இறங்குவது தெரியும். தேக்கடி ஏரித் தண்ணீர்தான் அதற்குள் ஓடுகிறது. அது வைகையில் கலந்து நம் ஊர்ப் பக்கம்தான் வருகிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். "அப்போ நாம வீட்டுக்குப் போறதுக்குள்ளே அது வந்துடுமா?" என்று சின்னவன் கேட்பான்.